நாணயத்தின் ஒலி

நுழையும்முன்

எளியோரின் ஊர்தியாக நமக்கு அறிமுகமானது மிதிவண்டி. இன்று அதே ஊர்தி, வானூர்திகளில் பயன்படும் பொருளால் செய்யப்பட்டு மலைப்பாதைகளில் ஏறி இறங்குகிறது. அப்பொருளாலான சட்டகம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் கையாலேயே வண்டியாகப் பூட்ட முனைந்த ஒரு மகனையும், நாற்பது ஆண்டுகள் இரும்பு வண்டிகளோடு பழகிய அவருடைய தந்தையையும் பற்றியது இக்கட்டுரை.

மேட்டுப்பாளையத்தில் மலை இரயில் புறப்படும் நிலையத்திலிருந்து கூப்பிடு தொலைவில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பங்சர் ஒட்டுவது, சக்கரத்திற்குக் கோட்டம் எடுப்பது, பால்ஸ் மாற்றி ஓவராயில் செய்வது ஆகியவையே நாற்பது ஆண்டுகளாக அங்கு நடந்துவரும் வேலை. கடைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் சொன்ன வேலையைத் தொடங்குமுன் ஸ்பேனரின் முனையால் சட்டகத்தை நான்கைந்து இடங்களில் தட்டிப் பார்ப்பார். நல்ல சட்டகம் மணிபோல ஒலிக்கும். பற்றவைப்பு விட்டுப்போன இடத்தில் ஒலி மடங்கும். அவ்விடத்தில் சாயத்தைச் சுரண்டினால் துரு கோடாகத் தெரியும்.

இரும்பு உடைவதற்கு முன் சொல்லிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அது வெறும் நம்பிக்கையன்று. எஃகு தாங்கும் அளவைக் கடந்த விசைக்கு ஆட்படும்போது உடனே முறிவதில்லை, முதலில் வளைகிறது. சாயம் வெடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், மிதிக்கும்போது முனகும். ஓட்டுபவர் இறங்கிப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தின்மேல்தான் பழுதுபார்ப்பவரின் தொழிலே நடக்கிறது.

அவருடைய மகன் கோயம்புத்தூரில் நீரேற்று இயந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பிரிவில் வேலை செய்கிறார். ஞாயிறுதோறும் விடியலில் புறப்பட்டுக் கோத்தகிரிக்கு மிதித்து ஏறுவது அவர் வழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கும் மேல் உயர வேண்டும். ஏறுவதற்கு இரண்டரை மணி நேரமாகும் பாதையில் இறங்குவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. அவரிடம் இருந்தது அலுமினியச் சட்டகம் பூட்டிய பந்தய வகை மிதிவண்டி, எடை 9.6 கிலோகிராம். இவ்வண்டியின் சக்கரங்களையும் பற்சக்கரங்களையும் பிரேக்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, சட்டகத்தை மட்டும் கார்பன் இழைக்கு மாற்ற வேண்டும் என்பது அவருடைய இரண்டாண்டுக் கால விருப்பம்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் கார்பன் சட்டகம் இலட்சத்தைத் தாண்டிப் பல இலட்சம் வரை செல்லும். அவர் தேர்ந்தெடுத்ததோ எந்தப் பெயரும் எழுதப்படாத கருநிறச் சட்டகம். முன் ஃபோர்க்கையும் சுங்க வரியையும் சேர்த்து 52,000 ரூபாய்.

கரியிலிருந்து வந்த வலிமை

கார்பன் இழை என்றவுடன் புதுமையான பொருள் என்ற எண்ணம் தோன்றும். ஆனால், 1880ஆம் ஆண்டையொட்டியே எடிசன் மூங்கில் நாரைக் கருக்கி மின்விளக்குக்கு இழை செய்தார். அது வெப்பத்தைத் தாங்கியதே தவிர இழுவிசையைத் தாங்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகா நகரில் அகியோ ஷிண்டோ என்னும் அறிவியலாளர், செயற்கைத் துணிக்குப் பயன்படும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற இழையைக் கருக்கி வலிமைமிக்க கார்பன் இழையைப் பெற்றார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வகம் அவ்வழியை மேலும் செம்மைப்படுத்தியது. 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் வணிக அளவில் உற்பத்தியைத் தொடங்கியது. 1986ஆம் ஆண்டின் பிரான்சு சுற்றுப் போட்டியில் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் கார்பன் சட்டக வண்டியில் வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமேன், ஒரே அச்சில் வார்த்தது போன்ற கார்பன் வண்டியில் 4,000 மீட்டர் துரத்தல் பந்தயத்தின் இறுதிச்சுற்றில் எதிராளியையே எட்டிப் பிடித்துத் தங்கம் வென்றபோது, உலகம் முழுவதும் அவ்வண்டியைத் திரும்பிப் பார்த்தது.

ஓர் இழையின் தடிமன் ஐந்து முதல் ஏழு மைக்ரோமீட்டர். தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அடர்த்தி எஃகின் அடர்த்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இயற்பியல் பாடத்தில் படிக்கும் யங் குணகம், பொதுவாகப் பயன்படும் வகைகளில் எஃகினும் சற்று மிகுதி. இவ்வளவும் இழை நீளும் திசையில் மட்டுமே. குறுக்காக இழுத்தால் பிடிப்பது இழையன்று. இழைகளை ஒட்டியிருக்கும் எப்பாக்சிப் பிசின்தான். அதனால் ஒரு திசை இழைமீது மறு திசை இழையைச் சாய்வாகவும் குறுக்காகவும் அடுக்குகிறார்கள். பாவும் ஊடையும் ஏன் வேண்டும் என்று நெசவாளரிடம் கேட்டால் சொல்லும் விடைதான் இதற்கும். ஆனாலும் வண்டியின் மேற்புறத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் நெசவு பெரும்பாலும் அழகுக்கானது. சுமையைத் தாங்குவது அதன் அடியில் நெய்யப்படாமல் ஒரே திசையில் கிடக்கும் அடுக்குகளே.

இவ்வடுக்குகளை இயந்திரம் அடுக்குவதில்லை என்பது பலர் அறியாத செய்தி. பிசின் ஊட்டிய இழைத்தாள்களை உறைகுளிர்ப் பெட்டியில் வைத்துக் காத்து, நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய கோணத்தில் தொழிலாளர்கள் கையால் ஒட்டுகிறார்கள். உள்ளே காற்றுப்பை வைத்து, எஃகு அச்சுக்குள் மூடி, சூடாக்கி, பையை ஊதினால் அடுக்குகள் அச்சின் சுவரோடு அழுந்தி இறுகுகின்றன. தைவானின் தைச்சுங், சீனத்தின் சியாமென் போன்ற நகரங்களில் இத்தொழில் பெருகியிருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலைகள் பெரிய நிறுவனங்களுக்குச் செய்துகொடுப்பதோடு, சில சட்டகங்களைத் தங்கள் சொந்த அச்சில் வார்த்து யாருக்கும் விற்கின்றன. இவை பொது அச்சுச் சட்டகங்கள் எனப்படும்.

இவற்றின் விலை குறைவதற்கு நேர்மையான காரணங்கள் பல உண்டு. விளம்பரம் இல்லை, பந்தய அணிக்குச் செலவில்லை, இடையில் முகவர் இல்லை. ஒரே அச்சின் செலவு ஆயிரக்கணக்கானோர்மீது பகிர்ந்துவிடுகிறது. நேர்மையற்ற காரணம் ஒன்றும் இருக்கக்கூடும்: சோதனையைக் குறைப்பது. மிதிவண்டிகளுக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 4210, மிதிக்கும் விசையை ஒரு சட்டகத்தின்மீது 1,00,000 முறை செலுத்திப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் தேர்வெழுதுவது மாதிரிச் சட்டகம். விற்பனைக்கு வருவது அதன் உடன்பிறப்பு. ஒரு துண்டு மடங்கி ஒட்டப்பட்டிருந்தாலும், காற்றுப்பை ஒரு மூலையில் சரியாக ஊதாமல் போயிருந்தாலும் மேலே பூசிய சாயம் அதைச் சொல்லாது.

கார்பன் வளைவதும் இல்லை. எல்லையைக் கடந்தால் முறிகிறது.

இடமும் வலமும்

சட்டகம் வந்த அன்று கடையில் வேலை நின்றது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் மகன் அதைத் தராசில் வைத்தார்: 1,080 கிராம். தந்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெறும் பெட்டிய அனுப்பிட்டானா?" என்று சிரித்தார். பின்னர் வழக்கம்போல ஸ்பேனரை எடுத்தார். மகன் பதறித் தடுத்தார். கடினமான எஃகுமுனை பட்டால் அடுக்கு சேதமாகலாம். ஆகவே, சட்டைப்பையிலிருந்த ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டத் தொடங்கினார் தந்தை.

இவ்வாறு தட்டிப் பார்ப்பது அவர் கண்டுபிடித்த முறையன்று. வானூர்திப் பழுதுபார்ப்போரும் அடுக்குப் பொருள்களை நாணயத்தால் தட்டிப் பார்ப்பதுண்டு. அடுக்குகள் நன்கு ஒட்டியிருந்தால் ஒலி கூர்மையாகவும், பிரிந்திருந்தால் மந்தமாகவும் கேட்கும். அவர் அதை அறியமாட்டார். மேல்குழாய், இருக்கைக் குழாய், பின்சக்கரத்திற்குச் செல்லும் மெல்லிய தண்டுகள் என ஒவ்வொன்றாகத் தட்டி வந்தவர், கீழ்க்குழாய் மிதியச்சின் கூட்டோடு சேரும் இடத்தில் நின்றார்.

"இந்த எடத்துல சத்தம் மாறுது, கண்ணு."

"அங்க அடுக்கு அதிகமுங்கப்பா. கனமா இருக்கிறதால அப்படித்தான் கேக்கும்."

மகன் சொன்னது பொய்யன்று. தடிமன் மாறும் இடங்களில் ஒலியும் மாறும். தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பி ஒரு சட்டகத்தை நல்லதென்றோ கெட்டதென்றோ முடிவுகட்ட இயலாது. தந்தை சிறிது நேரம் பேசவில்லை. சட்டகத்தைத் திருப்பி அதே இடத்தின் மறுபக்கத்தைத் தட்டினார்.

"அப்ப வலப்பக்கமும் அப்படித்தானே கேக்கோணும்?"

வலப்பக்கம் தெளிவாக ஒலித்தது.

அன்றிரவு மகனுக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாண்டுச் சேமிப்பு ஒருபுறம்; கோத்தகிரிப் பாதையின் கொண்டையூசி வளைவுகள் மறுபுறம். தமக்குத் தெரிந்த அறிவையெல்லாம் அவர் தமக்கெதிராகவே பயன்படுத்தினார் என்று சொல்ல வேண்டும். சாயம் ஒரு பக்கம் தடித்திருக்கலாம். அப்பாவின் காதுக்கு வயதாகியிருக்கலாம். இரும்பு கேட்டுப் பழகிய காதுக்குக் கார்பன் எப்படிப் புரியும் என்றெல்லாம் எண்ணினார். விரும்பி வாங்கிய பொருளுக்காக வாதாடும் வழக்கறிஞர் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறார்.

மறுவாரம் அவர் சட்டகத்தை, வார்ப்பிரும்பின் உட்குறையை மீயொலி கொண்டு ஆராயும் நண்பர் ஒருவரிடம் எடுத்துச் சென்றார். அந்நண்பர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். "இது இரும்புக்கு அளவு வெச்ச கருவிங்க. நல்லா இருக்குன்னு நான் சொன்னா அதை நம்பி மலையில எறங்குவீங்க. அதனால சொல்ல மாட்டேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு அவர் கூலி வாங்கவில்லை.

விற்றவர் முதலில், அது சாயத்தின் தடிமன்தான் என்று எழுதினார். விலையில் சிறு பகுதியைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அத்தொகையை ஏற்றுக்கொண்டு ஓட்டத் தொடங்குவது எளிது. பலரும் அதைத்தான் செய்திருப்பார்கள். மகனும் ஏறத்தாழ இணங்கிவிட்டார். தந்தை குறுக்கிட்டு, ஒரே நாணயத்தால், ஒரே தொலைவில் கைப்பேசியை வைத்து, இடமும் வலமும் மாறி மாறித் தட்டி ஒலியைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார். ஒன்பது நாள்களுக்குப் பின்னர் மாற்றுச் சட்டகம் அனுப்ப ஒப்புதல் வந்தது. ஒரு நிபந்தனை: பழைய சட்டகத்தை இரண்டாக அறுத்து நிழற்படம் அனுப்ப வேண்டும். அதை மீண்டும் யாருக்கும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக இத்தொழிலில் உள்ள வழக்கம் இது.

ஒருநாள்கூட ஓடாத சட்டகத்தை அறுப்பதற்குத் தந்தையின் கை தயங்கியது. கார்பன் தூசி மூச்சில் போகக்கூடாது என்பதால் முகத்தில் துணி கட்டி, வாளை நனைத்து நனைத்து அறுத்தார். முதல் வெட்டில் ஒன்றும் தெரியவில்லை. அடுக்குகள் கருங்கல் போல இறுகியிருந்தன. மகன் முகம் வாடியது. இரண்டு விரற்கடை தள்ளி இரண்டாவது வெட்டைத் தொடங்கினார் தந்தை. அங்கே இடப்பக்கச் சுவரில் உள்ளடுக்கு ஒன்று, இழுத்துச் செருகாத கொசுவம்போல் மடிந்து கிடந்தது. மடிப்பின் அடியில் பிசின் சேராமல் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அது அடுத்த மலையிறக்கத்திலேயே முறிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. பத்தாண்டுகள் ஓடியிருக்கவும்கூடும். அந்த இரண்டுக்கும் இடையில் எங்கே என்பதை எவராலும் சொல்ல முடியாது.

கையும் கருவியும்

இரண்டாம் சட்டகம் வர நாற்பது நாள்களாயின. அதற்கும் சுங்க வரி கட்ட வேண்டியிருந்தது. குறைந்த விலை என்று கணக்கிட்டபோது இத்தொகை அவருடைய ஏட்டில் இல்லை. தந்தை இம்முறை மூன்று பேர் கேட்க மூன்று முறை தட்டினார். இடமும் வலமும் ஒத்திருந்தன. கைவிளக்கை மிதியச்சுக் கூட்டின் வழியே செலுத்தி உட்சுவரையும் பார்த்தனர். மடிப்பு ஏதும் தென்படவில்லை.

பூட்டும் வேலை ஒரு சனிக்கிழமை மாலை தொடங்கியது. முதலில் மிதியச்சின் கிண்ணங்கள். கார்பன் கூட்டுக்குள் அலுமினிய மரை வளையம் பதிக்கப்பட்டிருந்தது. மகன் விளக்கம் சொல்லத் தொடங்குமுன்பே தந்தை மரைக்கு கிரீஸ் தடவி, வலப்பக்கக் கிண்ணத்தை இடஞ்சுழியாகத் திருகி இறுக்கிவிட்டார். அந்த மரை அவருடைய கைக்கு முன்பே தெரியும்.

தெரிந்து தெளிவோம்: பல பந்தய மிதிவண்டிகளின் மிதியச்சுக் கூட்டில் உள்ள மரை பி.எஸ்.ஏ. மரை எனப்படும். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்னும் இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் அது. துப்பாக்கி செய்யத் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் மிதிவண்டியும் செய்தது. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வண்டிகள் வழியாகத் தமிழ்நாட்டில் வீடுதோறும் அறிமுகமான பி.எஸ்.ஏ. என்னும் பெயரும் இதுவே. இம்மரையில் வலப்பக்கக் கிண்ணம் இடஞ்சுழியாக இறுகும். மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக இவ்வாறு அமைத்தனர்.

சிக்கல் இருக்கைக் கம்பத்தில் தொடங்கியது. சீட் பில்லரைப் பிடிக்கும் வளையத்தின் திருகை 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கக் கூடாது என்று சட்டகத்தின்மேலேயே பொறித்திருந்தது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள திருகுகோலின் முனையில் ஐந்து கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் ஏற்படும் திருப்பு விசைதான் அது. அதற்குமேல் அழுத்தினால் குழாயின் விளிம்பு நசுங்கி அடுக்கு பிரியும்; அதற்கு முன் எச்சரிக்கை ஏதும் வராது. மகன் இதற்காகவே டார்க் ஸ்பேனர் ஒன்று வாங்கியிருந்தார். குறித்த அளவு வந்ததும் 'டக்' என்று ஒலித்து நிற்கும் கருவி அது.

தந்தைக்கு அக்கருவி தேவையாகத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கைதான் சொல்லி வந்திருக்கிறது. மகன் மறுத்துப் பேசாமல், பழைய அலுமினியச் சட்டகத்தின் வளையத்தைத் தந்தையிடம் கொடுத்து, அவருக்குச் சரியென்று படும் அளவுக்கு இறுக்கச் சொன்னார். பிறகு கருவியை 5இல் வைத்து அதே திருகைத் திருகினார். அசையாமலே 'டக்' என்றது. 6, 7, 8. ஒன்பதில்தான் திருகு இலேசாக நகர்ந்தது. தந்தை தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதன்பின் அன்று மாலை முழுவதும் மகன் திருக, அவர் ஒலியைக் கேட்டுத் தலையசைத்தார். கார்பன் கம்பம் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான பசையைத் தடவுவது ஏன், கிரீஸ் ஏன் கூடாது என்று ஒரு மாணவரைப் போலக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கவையின் தண்டை அறுப்பது ஒருமுறை மட்டுமே செய்யக்கூடிய வேலை. நீளமானால் மீண்டும் வெட்டலாம், குறைந்தால் கவையே வீண். மும்முறை அளந்து, 10 மில்லிமீட்டர் கூடுதலாகவே விட்டு அறுத்தனர். பிரேக் கம்பியும் கியர் கம்பியும் குழாய்களுக்குள்ளேயே செல்ல வேண்டும். ஒரு துளையில் நுழைத்த கம்பி மறுதுளையைத் தேடி வெளியே வர மறுத்தது. இரவு ஒன்பது மணிவரை இருவரும் முயன்றனர். சிறுமுகை நெசவுக் குடும்பத்தில் பிறந்த தாய் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் எங்கோ படித்த ஒரு வழியைச் சொன்னதும், அவர் பெட்டியைத் திறந்து பட்டுநூல் ஒன்றை எடுத்து வந்தார். தூசி உறிஞ்சும் கருவியை ஒரு துளையில் வைத்து மறுதுளையில் அந்நூலின் நுனியைக் காட்டியதும், நூல் நொடியில் குழாயைக் கடந்து வந்துவிட்டது. நூலின் பின்னால் கம்பி வந்தது.

வண்டி மறுநாள் நண்பகலில் முழுமையடைந்தது. எடை 8.7 கிலோகிராம். உலகப் பந்தயங்களில் அனுமதிக்கப்படும் குறைந்த அளவான 6.8 கிலோகிராமுக்கு அது எட்டாத தொலைவில்தான் இருந்தது. மகனுக்கு அது பொருட்டாகப் படவில்லை.

தந்தை ஒரு நிபந்தனை விதித்தார். ஒரு மாதம் மலைப்பக்கம் போகக் கூடாது. சிறுமுகைச் சாலையில், சமதரையில் மட்டுமே ஓட்ட வேண்டும். மகன் அவ்வாறே செய்தார். ஒவ்வொரு நாளும் திரும்பியதும் திருகுகளை மீண்டும் அளந்தார். முதல் வாரத்தில் ஒரு திருகு சற்றுத் தளர்ந்திருந்தது. பின்னர் எதுவும் நகரவில்லை.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்கு ஏறினார். பத்தரை மணிக்குக் கடைக்கு முன் வந்து இறங்கியபோது, தந்தை யாருடைய வண்டிக்கோ கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். எப்படி ஓடியது என்று அவர் கேட்கவில்லை. சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மகனுடைய வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையில் நாணயத்தைத் தேடினார்.